டம்ளர் பாலில் மருந்து எவ்வளவு?

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் காரியம் தொடங்குவது திருவனந்தபுரத்துத் தமிழர்களின் வழக்கம். உடைத்த கையோடு பக்கத்துக் கடையில் ஒரு சாயா. பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. மருந்து எவ்வளவு என்று கேட்பவர் இல்லை.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 77 மாதிரிகளில் ஆண்டிபயாடிக் மருந்து அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று ஒதுக்கலாம். ஆனால் பால் ஒருநாள் குடித்துவிட்டு விடுகிற பண்டமல்ல. கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அதுவே ஆகாரம்.

பசுவுக்கு மடிநோய் கண்டால் ஆண்டிபயாடிக் கொடுக்கிறார்கள். அதன்பின் குறிப்பிட்ட நாட்கள் அந்தப் பாலை விற்கக் கூடாது. கடன் வாங்கி மாடு பிடித்த ஏழை அந்த நாட்களில் எதைச் சாப்பிடுவான்? பால் கேனுக்குத்தான் போகிறது. காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுவதும் போய்விடாது. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாததும் உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து, மருந்தைக் கண்டு கண்டு பழகிவிட்ட கிருமிகள். காய்ச்சாத பால் மூலமும், சாணம் மூலமும், கறப்பவர் கை மூலமும் அவை பரவுகின்றன. பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12,70,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கேரளம் 2018-லேயே இதற்கு ஒரு செயல்திட்டம் வகுத்தது. 2024 ஜனவரியில், டாக்டர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கியது. பாராட்ட வேண்டியதுதான். மருந்துக் கடையில் காட்டும் கண்டிப்பு மாட்டுத் தொழுவத்துக்கும் எட்ட வேண்டாமா?

கேரளம் குடிக்கும் பாலில் ஒரு பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. 2023 ஜனவரியில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஒரு பால் லாரியை நிறுத்தினார்கள். பால்வளத் துறை ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகச் சொன்னது. பிறகு சோதித்த உணவுப் பாதுகாப்புத் துறை இல்லை என்றது. இரண்டு இலாகாக்கள் வாதாடினால் குடிப்பவன் யாரை நம்புவான்? எல்லையில் ஒரே சோதனை, தாமதமில்லாத சோதனை, அதில் ஆண்டிபயாடிக் சோதனையும் கட்டாயம் என்று இரு அரசுகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் வகுத்தது. தேசிய பால்வள வாரியம் அதைப் பரப்பி வருகிறது. இதை ஊர் தோறும் கொண்டுபோவதோடு, மருந்து கொடுத்த நாட்களின் பாலுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஈட்டுத்தொகையும் தரலாம்.

இங்குள்ள தமிழர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்காமல் நாலு மாத்திரை வாங்கி, இரண்டு விழுங்கி, மீதியை அலமாரியில் போடுவது நம்மவர் பழக்கம். ஊரில் மாடு வைத்திருக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் விஷயத்தை எடுத்துச் சொல்லலாம்.

தேங்காய் உடைத்தால் விக்கினம் தீரும் என்பது நம்பிக்கை. பாலில் வரும் விக்கினத்தைத் தீர்க்க வேண்டியவர்கள் அதிகாரிகள். கவனிப்பார்களா?