பறவைக்குக் கொடுத்த வாக்கும் பறையருக்குக் கொடுத்த வாக்கும்

மார்கழி பிறந்தால் வேடந்தாங்கலுக்குக் கிளம்புகிற கூட்டம் எங்கள் கொல்லிமலை அடிவாரத்திலும் உண்டு. நண்பர்கள் அழைத்தார்கள், நானும் போனேன். ஏரிக்கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறி, பைனாகுலர் வழியாகப் பார்த்தேன். தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. வடக்கே எங்கிருந்தோ வந்த ஊசிவால் வாத்துகள் நீந்திக்கொண்டிருந்தன. அழகுதான். பறவைகளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

கூட வந்த நண்பர் பெருமையாகச் சொன்னார்: "இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே பறவைக்குப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்த ஊர் தோழர் இது!"

உண்மைதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். செங்கல்பட்டுச் சீமையை அப்போது நிர்வகித்த லயனல் பிளேஸ், 1790களின் கடைசியில் அவர்களுக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

விவசாயிகள் முறையிட்டது கருணையால் மட்டும் அல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். சரி, அந்தக் காலத்தில் செங்கல்பட்டுச் சீமையில் வயல் யாருடையது? மிராசுதாருடையது. மிராசு உரிமைக்கு ஆதரவாக அறிக்கை எழுதியவரும் இதே பிளேஸ்தான். சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள், ஏரி மடையைத் திறந்து மூடியவர்கள் யார்? பெரும்பாலும் சேரிக்காரர்கள். அவர்கள் பெயரில் ஒரு குழி நிலம் இல்லை. குடியிருந்த குடிசை மனைகூடச் சொந்தம் இல்லை.

இதை நானாகச் சொல்லவில்லை தோழர்களே. பிளேஸ் உட்கார்ந்த அதே செங்கல்பட்டுக் கலெக்டர் நாற்காலியில் சுமார் நூறு ஆண்டுகள் கழித்து உட்கார்ந்தவர் டிரமென்ஹீர். 1891இல் அவர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். கடனுக்கு அடிமையாகக் கிடப்பதையும், தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார்கள் குறுக்கே நிற்பதையும் எழுதினார். அதன் பிறகுதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் பட்டியல் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம். இதுதான் நிபந்தனை.

ஒரே மாவட்டம், இரண்டு வாக்கு. பறவைக்குக் கொடுத்த வாக்கை ஒவ்வொரு அரசும் புதுப்பித்தது. நமக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது? பஞ்சமி நிலங்களில் இன்று மாற்றுச் சாதியார் தோப்பும் ரியல் எஸ்டேட் மனைகளும் ஆலைகளும் நிற்கின்றன. அதே செங்கல்பட்டில், காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். பறவையைச் சுடக் கூடாது என்று எழுதிக் கொடுத்த மாவட்டம் இது!

2020இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்கப் பேச்சு வந்தது. தமிழ்நாடே கொதித்தது. நடிகர்கள், எழுத்தாளர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் பேசினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், இனியும் போடுவேன். ஆனால் 12 லட்சம் ஏக்கரின் எல்லை கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிறதே, அதற்கு இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள்?

"இயற்கையைப் பற்றிப் பேசும்போது சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?" என்பார்கள். நாங்கள் இழுக்கவில்லை ஐயா. ஏரித் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்று முடிவு செய்ததே சாதிதான். சூழலியல் பேசுகிறவர்கள் நிலவுரிமையைப் பேசாமல் விட்டால், அந்தப் பேச்சில் ஏரி இருக்கும், நாரை இருக்கும், மடை திறந்தவன் மட்டும் இருக்க மாட்டான்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பஞ்சமி நிலங்களை ஊர் வாரியாக, சர்வே எண்ணோடு பொதுவில் வெளியிடுங்கள். ஆக்கிரமிப்பை அகற்றி உரியவர்களிடம் ஒப்படையுங்கள். நம் தோழர்களும் சும்மா இருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு உங்கள் ஊரின் பழைய நிலப் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். எந்த சர்வே எண் நமக்கு ஒதுக்கப்பட்டது, இன்று யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பைனாகுலர் தேவைப்படாது.

ஜெய் பீம்.