வாக்கைக் காப்பது கடமை. கலந்து பேசுவதும் கடமையே

 

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், நீராடினால் நலம் பெறலாம் என்ற நம்பிக்கையோடு பல ஊர்களிலிருந்தும் மக்கள் அருவிக்கு வருகின்றனர். நம் தென்காசி வட்டாரத்து நோயாளிகளோ செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலையைக் கடந்து, திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்று வருகின்றனர். நம் மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தந்தையும் அவர்களுள் ஒருவர். இரத்தப் புற்றுநோய்க்காக அவர் நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை இமாட்டினிப். அது அவருக்கு எட்டும் விலையில் கிடைப்பதற்கும் தில்லியில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தச் சட்டம் வந்த விதத்தைப் பற்றியே இங்கு பேச விழைகிறோம்.

நீதிபதி ராஜகோபால அய்யங்கார் குழு 1959இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் உருவான 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை அளித்தது; மருந்துக்கே அளிக்கவில்லை. எனவே நம் நாட்டு நிறுவனங்கள் வேறு செய்முறையில் அதே மருந்தைத் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் உலக வர்த்தக அமைப்புக்கான ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. மருந்துக்கும் காப்புரிமை வழங்கும் சட்டத்தை 2005 ஜனவரி 1க்குள் கொண்டுவருவதாக வாக்களித்தது. கையெழுத்திடும் முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டிய தேவை அரசுக்கு இருக்கவில்லை. நம் அரசமைப்பு இன்றும் அதைக் கோரவில்லை.

வாக்கை நிறைவேற்றப் பத்தாண்டு அவகாசம் இருந்தது. ஆயினும் நடந்தது என்ன? 1994 டிசம்பர் 31இல் ஓர் அவசரச் சட்டம். 1999 ஜனவரியில் மற்றொன்று. 2004 டிசம்பர் 26இல் மூன்றாவது. நாடாளுமன்றம் கூடியிராத வேளையில் மட்டுமே பிறப்பிக்கத்தக்கது அவசரச் சட்டம். அதாவது மூன்று முறையும் நாடாளுமன்றம் முழுமையாக விவாதித்து நிறைவேற்றும் முன்பே சட்டம் வந்துவிட்டது. அந்த மூன்றாம் நாளை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ஆழிப்பேரலை கடலோர ஊர்களை வாரிச் சுருட்டிய ஞாயிற்றுக்கிழமை அது. நாம் ஜனாஸாக்களை எண்ணிக் கொண்டிருந்த அந்நாளில், நம் மருந்துகளின் விலையைத் தீர்மானிக்கும் சட்டம் கையெழுத்தாகிக் கொண்டிருந்தது.

அவசரத்தின் விலை என்ன என்று கேட்போருக்கு விடை இருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த தனி விற்பனை உரிமையைக் கொண்டே, 2003இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் தன் இமாட்டினிப் மாத்திரையான கிளீவெக்கிற்கு அந்த உரிமையைப் பெற்றது. இந்திய நிறுவனங்கள் சில, குறைந்த விலை மாத்திரையை விற்பதற்குத் தடையும் பெற்றது. அந்நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மாத்திரைக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். இந்த இடைவெளிக்குள்தான் ஓர் ஏழைக் குடும்பத்தலைவரின் உயிர் ஊசலாடியது.

கலந்துரையாடலின் பயனையும் பாருங்கள். 2004ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தை 2005 மார்ச்சில் மசோதாவாகக் கொண்டுவந்தபோது, ஆட்சி நிலைக்க இடதுசாரிகளின் ஆதரவு தேவைப்பட்டது. அவர்களும் நோயாளிகளுக்காகப் போராடிய அமைப்புகளும் வற்புறுத்தியதால், பிரிவு 3(ஈ) வலுப்பெற்றது. பழைய மருந்தின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் ஆற்றலில் கூடுதல் பயன் தருவதாக நிறுவப்பட்டாலன்றிக் காப்புரிமை இல்லை என்பதே அதன் சாரம். காப்புரிமை வழங்கும் முன்பே எவரும் மறுப்புத் தெரிவிக்கும் வழியும், அவசரச் சட்டம் அதைக் குறுக்கியிருந்த நிலையிலிருந்து, மீண்டும் விரிவாக்கப்பட்டது. அந்த வழியில் எழுந்த மறுப்பால் 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: "கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது மார்க்கக் கடமையல்லவா? காலம் கடத்தினால் நாட்டின் நாணயம் என்னாவது?" ஆம், கடமையே. அல்மாயிதா அத்தியாயம் அந்தக் கட்டளையோடுதான் தொடங்குகிறது. ஆனால் அதே வேதத்தில் கலந்தாலோசனையின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அகழ்ப் போரின்போது, முற்றுகையைத் தளர்த்துவதற்காக, மதீனாவின் பேரீச்சை விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைக் கத்ஃபான் குலத்தாருக்குத் தருவது குறித்து நபி (ஸல்) அவர்கள் பேச்சு நடத்தினார்கள். முடிவு செய்யும் முன், அந்தத் தோட்டங்களுக்குரிய மக்களின் தலைவர்களான ஸஅத் பின் முஆத் (ரலி), ஸஅத் பின் உபாதா (ரலி) ஆகியோரிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் உடன்படாததால் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. முற்றுகைக்கு நடுவிலும், இறைத்தூதரே விளைச்சலுக்கு உரியவர்களைக் கேட்டார்கள். பத்தாண்டு அவகாசம் பெற்ற அரசுக்கு நம்மைக் கேட்க நேரமில்லையாம்!

விவாதித்ததால் நாட்டின் வாக்கும் பொய்க்கவில்லை. பிரிவு 3(ஈ)க்கு எதிராக எந்த நாடும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுக்கவில்லை. ஒப்பந்தத்தை மதித்தபடியே ஏழையையும் காக்க இடமிருந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது விவாதமே, அவசரம் அன்று.

இது பழங்கதையும் அன்று. 2024 மார்ச் 10இல், நோவார்ட்டிஸின் தாய்நாடான சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்தது. ஐந்தே நாட்களில் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. காப்புரிமைக்கு முன் மறுப்புத் தெரிவிக்க இதுவரை இல்லாத கட்டணம் வந்தது. மறுப்பை விசாரணைக்கு ஏற்கலாமா என்று முதலில் முடிவு செய்யும் அதிகாரமும் அலுவலகத்திற்குத் தரப்பட்டது. அதன் வரைவு 2023லேயே கருத்துக்கு வைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் 2005இல் நாடாளுமன்றம் விவாதித்து விரிவாக்கிய கதவை, நாடாளுமன்ற விவாதமின்றி, அரசிதழ் அறிவிப்பால் ஒருக்களித்துவிட்டனர்.

நம் பக்கத்துத் தவறையும் ஒப்புக்கொள்வோம். நம் பெயர் சொல்லி வரும் சட்டங்களுக்கு மட்டுமே ஜமாஅத்தைக் கூட்டுகிறோம். காப்புரிமைச் சட்டத்தில் முஸ்லிம் என்ற சொல் இல்லை. ஆனால் அது நம் வீட்டு மருந்துப் பெட்டிக்குள் நுழைந்தது. வைத்தியச் செலவுக்காக ஜும்ஆவுக்குப் பின் துண்டேந்தி வசூலிக்கும் நாம், அந்தச் செலவு ஏன் கூடுகிறது என்று ஒரு முறையேனும் கேட்டோமா?

இனிக் கேட்போம். வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவாயினும் கையெழுத்திடும் முன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அதற்கான மசோதாக்கள், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் போலக் கூட்டுக்குழுவின் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருவோரிடம் இதைக் கோருவது நம் அமானிதம்.

வல்ல இறைவன் நம் நோயாளிகளுக்கு நற்சுகத்தையும், ஆள்வோருக்குப் பொறுமையையும் நல்குவானாக! ஆமீன்.