அளவெடுத்துச் செய்த குழல்

மூச்சை வெளிவிடும்போதெல்லாம் இடப்பக்கத்துச் சுவாசக் கிளைக்குழல் வலுவிழந்து ஒட்டிக்கொள்ள, நீலம்பாரித்துப் பலமுறை மரணத்தின் வாயில்வரை சென்று மீண்ட ஒரு பச்சிளஞ் சிசுவுக்கு, 2012 பிப்ரவரியில், அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த வைத்தியர் கிளென் கிரீனும் பொறியியல் பேராசிரியர் ஸ்காட் ஹாலிஸ்டரும் செய்த உபகாரத்தை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. குழந்தையின் மார்பை சி.டி. ஸ்கேன் எடுத்து, குழலின் அளவை நூலிழை பிசகாமல் கணித்து, பாலிகேப்ரோலாக்டோன் என்னும் பொடியை முப்பரிமாண அச்சு முறையில் லேசர் ஒளியால் படலம் படலமாக இறுக்கி, விரலிடையில் அடங்கும் சிறு உறையொன்றை அவர்கள் ஆக்கினார்கள். அதன் ஒரு பக்கத்தை மூடாமல் விட்டதில்தான் அவர்களுடைய விவேகம் தெரிகிறது: குழந்தை வளர வளர உறையும் விரிந்துகொடுக்கும், ஏறக்குறைய மூன்றாண்டுகளில், குழல் தானே உறுதிப்பட்டபின், உடம்பிலேயே கரைந்துபோகும். குழலின் சுவரை உறையோடு சேர்த்துத் தைத்தார்கள். சில வாரங்களில் செயற்கைச் சுவாச யந்திரம் தேவையற்றுப் போயிற்று.

முப்பரிமாண அச்சின் மகிமையெல்லாம், என் அபிப்பிராயத்தில், இந்த அளவெடுத்தலில் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி செய்வதற்குத் தொழிற்சாலை போதும். ஒருவருடைய தாடையெலும்புக்கு மட்டும், ஒருவருடைய செவித்துவாரத்துக்கு மட்டும் பொருந்தும்படி ஒன்றே ஒன்றைச் செய்வதற்குத்தான் இந்த அச்சு வேண்டும்.

சிறுநீரகத்தின் கதை இவ்வாறன்று. 2011-இல் கலிபோர்னியாவில் ஒரு மேடையிலே வைத்தியர் ஆன்டனி அடாலா, அச்சிட்ட சிறுநீரக வடிவமொன்றைக் கையில் ஏந்திக் காட்டியபோது, மாற்றுறுப்பே கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். அதுவோ வெறும் முன்மாதிரி, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சக்தி அதற்கில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டும் நுண்ணுறுப்புகள் உண்டு. உயிரணு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இரத்த நுண்குழாய் ஓடவேண்டும். ஓடாவிட்டால் பிராணவாயு எட்டாமல் அது மடியும். அத்தனை நுண்குழாய்களையும் உயிரோடு நெய்து தரும் அச்சு யந்திரம் இன்னும் பிறக்கவில்லை.

ஆகையால், அச்சிட்ட சிறுநீரகம் நாளையே வந்துவிடும் என்று பத்திரிகைகள் எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் யந்திரத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கும் ஒருவர், அச்செய்தியை நம்பி, இன்னும் ஐந்து வருஷம் பொறுத்தால் போதுமென்று எண்ணி, உடன்பிறந்தவள் மனமுவந்து கொடுக்க வந்த சிறுநீரகத்தை வேண்டாமென்று சொல்லிவிடக்கூடும்.