பல்வலி தானாக நின்றுவிட்டதா? சந்தோஷப்படாதீங்க!

"ரெண்டு நாள் உயிர் போச்சு. மாத்திரை போட்டேன், நின்னுடுச்சு!" ஓசூர் மூக்கண்டப்பள்ளி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் இப்படிச் சொன்னால், நீங்களும் 'அப்பாடா' என்பீர்கள். எனக்கோ பகீர் என்கிறது.

பல்லுக்குள்ளே ரத்தக்குழாயும் நரம்பும் சேர்ந்த மெத்தென்ற பற்கூழ் இருக்கிறது. சொத்தை மெல்ல நெருங்கும்போது அது சும்மா இருப்பதில்லை. உள்பக்கமாகப் புதிதாக டென்டைன் சுவர் எழுப்பித் தடுக்கப் பார்க்கும். இந்தக் கட்டத்தில் ஐஸ் வாட்டர் பட்டால் சுரீர் என்று கூசி, சில விநாடிகளில் அடங்கிவிடும். அப்போதே டாக்டரிடம் போனால் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும், கூழ் தேறிவிடும்.

தள்ளிப்போட்டால்? கை காலில் அடிபட்டால் வீங்க இடமுண்டு. பல்லுக்குள் ஏது இடம்? சுற்றிலும் கல் மாதிரி சுவர். உள்ளே அழுத்தம் ஏறி, சூடான காபி பட்டாலே விண்விண் என்று நிமிஷக்கணக்கில் தெறிக்கும். படுத்தால் இன்னும் அதிகம். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் பாட்டைக் கேட்கவே வேண்டாம்! பிறகு ஒருநாள் வலி சட்டென்று நிற்கும். கூழ் செத்துப்போச்சு என்று அர்த்தம். இனி வேர் நுனியில் சத்தமில்லாமல் சீழ் கட்டும்.

கிராம்புத் தைலம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் கூழைக் காப்பாற்றாது. வேர் சிகிச்சை, இல்லையேல் பிடுங்கல்தான். 'ஒருநாள் சம்பளம் போகுமே' என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அடைக்க ஒருநாள் லீவு போதும், வேர் சிகிச்சைக்குப் பல தடவை அலையவேண்டி வரலாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.