தகுதி அறிந்து வாங்குவோம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் புகழ்பெற்ற கல்வெட்டு ஒன்று உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது அது. ஊர்ச்சபைக்கு வர விரும்புவோர் 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதைக் கடவாமலும் இருத்தல் வேண்டும்; சொந்த மனையில் வீடு உடையவராதல் வேண்டும் என்று அது வரையறுக்கின்றது. தகுதியுடையார் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. முதலில் தகுதி, பின்னரே தேர்வு. இந்நெறி ஊராட்சிக்கு மட்டும் உரியதன்று. கையடக்கப் பாட்டுப்பெட்டி வாங்குவார்க்கும் ஏற்றதே ஆகும்.

கைப்பேசியே பாடும்போது தனிப்பெட்டி எதற்கு எனச் சிலர் வினவுவர். கண் மங்கிய பாட்டனார்க்குக் கைப்பேசியின் சிற்றெழுத்துகள் தொல்லையே. திருகினால் பாடும் பெட்டி அவர்க்கு எளிது. இதனை உணர்ந்தே சரிகம நிறுவனம் 2017இல் 'கார்வான்' என்னும் பெட்டியை வெளியிட்டது. அதன் தமிழ் வகையில் 5,000 பழம்பாடல்கள் முன்னரே பதிந்துள்ளன. பயிலும் மாணவர்க்கும் செய்திகள் குறுக்கிடாத தனிப்பெட்டி நன்மையே தரும்.

பெட்டியின் தகுதிகள் யாவை? மின்சாரம் தடைப்படினும் நெடுநேரம் பாடும் பேட்டரி வேண்டும். வீட்டிலுள்ள சார்ஜரே அதற்கும் பொருந்துதல் நன்று. மெமரி கார்டு இடும் வாயில் இருத்தல் வேண்டும். சாதாரணத் தரத்தில் ஐந்து நிமிடப் பாடல் ஒன்று ஏறத்தாழ 5 மெகாபைட் இடம் கொள்ளும். ஆகவே 32 ஜிகாபைட் கார்டு ஒன்றில் ஏறத்தாழ 6,000 பாடல்கள் அடங்கும். 2001இல் உலகையே மயக்கிய ஐபாட், 2022இல் நிறுத்தப்பட்டது. கருவிகள் மறையும், பொதுவான வடிவில் நாம் சேமித்த பாடல்களோ அடுத்த கருவியிலும் ஒலிக்கும்.

துணைக்கருவிகளுள் ஹெட்போனைத் தேர்வதில் பெருங்கவனம் வேண்டும். புறவோசையைத் தடுக்கும் மெத்தை உடையதே சிறந்தது. அதனை அணிந்தால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை குறையும். 80 டெசிபல் ஒலியைப் பெரியவர் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபலாயின் 4 மணி நேரமே தகும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. சிறுவர்க்கு அளவு இன்னும் குறைவு. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெட்டி பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். செவி பழுதுற்றால் எங்கே வாங்குவது? காதை அடைத்துக்கொண்டு சாலையில் மிதிவண்டி ஓட்டுவதோ உயிருக்கே கேடு.

மாணவர்களே! பளபளப்பையும் விளம்பரத்தையும் கண்டு மயங்காதீர்கள். யார் கேட்கப் போகின்றார், எங்கே கேட்கப் போகின்றார் என்று முதலில் எண்ணுங்கள். தகுதி கண்டு வாங்குங்கள். அளவு அறிந்து கேளுங்கள். அவ்வாறு கேட்பவர்க்கே முதுமையிலும் இசை இன்பம் தரும்.