பாலையில் ஏற்றிய விளக்கும் பஞ்சுப் பனியும்

கோச்சடையில், மேலக்கால் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில், தமிழ்த்துறை நண்பர் ஒருவர் சென்ற மார்கழியில் நம்மை வழிமறித்துக் கேட்டார்: “தேரிக்காட்டுக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கப் போய்விட்டு வந்தீர்களாமே? பனி பெய்யாத பாலையில் வெள்ளைக்காரன் பண்டிகை! அதில் தமிழுக்கு என்ன ஐயா இருக்கிறது?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்துவைத்தோம். வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. அன்று சொல்லாமல் விழுங்கிய மறுமொழியே இக்கட்டுரை.

தேரியைப் பாராதவர்களுக்காகச் சில வரிகள். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டி, காற்று குவித்துவைத்த செம்மணல் மேடுகள் கிடக்கின்றன. மணற்பொடியின் மேல் படிந்த இரும்புச் சத்தே அந்தச் சிவப்புக்குக் காரணம். ஆடிக் காற்றில் மேடுகள் இடம்பெயரும். நேற்றிருந்த தடம் இன்றிராது. பனையும் உடையும் முந்திரியுமே அங்கே மரம். இம்மணலின் நடுவிலும் ஓரத்திலும்தாம் நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், கிறிஸ்தியாநகரம் போன்ற ஊர்கள் இருக்கின்றன. டிசம்பர் பிறந்ததும் பனைகளுக்கிடையே வீட்டுக்கொரு நட்சத்திரம் ஏறுகிறது. மெஞ்ஞானபுரத்தில் ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தின் கீழ் நின்று பார்த்தால், மணல்வெளியின் இருட்டுக்குள் விளக்குச் சரங்கள் நெடுந்தொலைவு போவது தெரியும். நள்ளிரவில் கீதம் பாடிக்கொண்டு வரும் குழுவுக்காகக் கதவைத் திறந்துவைத்துக் கிழவிகள் விழித்திருக்கிறார்கள். நாம் கண்டது இவ்வளவே.

இனி, நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். ‘வெள்ளைக்காரன் பண்டிகை’ என்கிறார். நல்லது. அவர் வகுப்பில் ஆண்டுதோறும் தவறாமல் நடத்தும் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எந்த மண்ணில் வாழ்ந்தவர் எழுதியது? 1841 முதல் பனையும் மணலுமாய்க் கிடந்த இடையன்குடியில் குடியிருந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட நூல் அது. அவர் கட்டியெழுப்பி 1880இல் திறக்கப்பட்ட அவ்வூர்த் தேவாலயத்திலேயே அவர் உடலும் அடங்கியிருக்கிறது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப், 1840களில் பணியாற்றிய ஊர் சாயர்புரம். ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அதே சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். ஆக, நம் துறையின் அடித்தளக் கற்களில் சில இந்தச் செம்மணலிலிருந்து வந்தவை. கல்லை எடுத்துக்கொள்வோம், ஆனால் கல் வந்த ஊரின் விளக்கைப் பார்த்துச் சிரிப்போம் என்பது என்ன நியாயம்?

முதுகலை வகுப்பில் நாமும் இதே தவற்றைத்தான் செய்துவந்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘தேம்பாவணி’யைச் ‘சமய இலக்கியம்’ என்னும் பெட்டிக்குள் வைத்து, ஆசிரியர் வீரமாமுனிவர், காண்டம் 3, படலம் 36, பாடல் 3615 என்று எண்ணிக்கை எழுதவைத்து, அடுத்த பெட்டியைத் திறந்துவிடுவோம். யூதேயாவை நெல் விளையும் தமிழ் மருதமாக மாற்றிக் காட்டிய அந்தத் துணிச்சலைப் பற்றி ஒரு மணி நேரமேனும் பேசியதுண்டா? வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமைக் குறவஞ்சிக்குள் கொண்டுவந்தாரே, அதை இலக்கியமாக வாய்விட்டுப் படித்ததுண்டா? பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஒரு சமயக் கதை தமிழ் நிலத்தில் குடியேறி, உழுது, விதைத்து வாழ்கிறது. நாமோ இன்னும் அதனிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நிற்க. நமது முதன்மையான வாதம் இதுவன்று. பாலை என்றால் என்ன என்பதை நண்பர் மறந்துவிட்டார் என்பதே நமது வாதம்.

அகநானூற்றின் நானூறு பாடல்களில் சரிபாதி, அதாவது ஒற்றைப்படை எண் பெற்ற இருநூறும், பாலைத்திணை. தொகுத்தவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. பொருள் தேடிப் போனவன் வெயிலில் நடந்துகொண்டிருக்க, வீட்டில் இருப்பவள் சுவரில் கோடிட்டு நாளெண்ணிக் காத்திருப்பதே அதன் நாடகம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டு வெம்பும்போது பாலையாகின்றன என்று சிலம்பு சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், பாலை வெறும் மணற்பரப்பன்று. மனிதர் இல்லாமற்போன வீட்டின் நிலை அது.

தேரி ஊர்களின் வரலாறு இந்தத் திணையின் உரைபோல நமக்குப் படுகிறது. பனையேற்றம் ஆண்டில் சில மாதங்களுக்கே சோறு போடும். மீதி மாதங்களுக்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு கொழும்பின் கடைகளுக்கு, பம்பாய்க்கு, சென்னையின் மளிகைக் கடைகளுக்கு, இப்போது வளைகுடாவின் பெரும்பாலைக்கு. ஒரு பாலையிலிருந்து இன்னொரு பாலைக்குப் பொருள்வயிற் பிரிவு! அப்படிப் போனவர்கள் ஊர் திரும்பும் காலங்களில் முதன்மையானது கிறிஸ்துமஸ். திருநாளுக்கு முன்பான நான்கு ஞாயிறுகளைக் கிறித்தவ மரபு வருகைக்காகக் காத்திருக்கும் காலம் என்றே வகுத்திருக்கிறது. தேரியில் அந்தக் காத்திருப்புக்கு இரட்டைப் பொருள். ஒருபுறம் இறைமகன் வரவேண்டும். மறுபுறம் திருச்செந்தூர் ரயிலில் மூத்த மகன் வரவேண்டும். வாசலில் தொங்கும் நட்சத்திரம் இருவருக்கும் பொதுவான அடையாளம். முதலூரின் மஸ்கோத் அல்வா கிண்டப்படுவதும் இருவரையும் எண்ணித்தான் என்று நமக்குத் தோன்றியது. ஒரு பாலைப் பாட்டின் தலைவி விளக்கேற்றிவைத்துத் தலைவன் வரவைக் காண்கிற இடம் இது. ‘இதில் தமிழுக்கு என்ன இருக்கிறது’ என்று கேட்பவருக்கு நமது பதில்: அகநானூற்றின் பாதி இருக்கிறது.

இவ்வளவு சொன்னபின், மறுபக்கத்தையும் விட்டுவைக்க மனமில்லை. நண்பர் சிரித்ததில் ஒரு பகுதி நியாயமானதே. அந்நியமானது பண்டிகையன்று, அதன் மேல் தூவப்படும் பஞ்சு. நமது கோச்சடையிலேயே, ஒருகாலத்தில் வைகைத் தண்ணீரில் நெல் விளைந்த வயல்களில் எழுந்த அடுக்குமாடிகளின் முகப்பில், டிசம்பர் மாதத்தில் பஞ்சுப் பனி பொழிகிறது. காகித மான்கள் சறுக்குவண்டி இழுக்கின்றன. நாலெட்டு தள்ளி அய்யனார் குதிரைகள் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன! துபாயில் 2005 முதல் ஒரு வணிக வளாகத்துக்குள் செயற்கைப் பனிமலை ஒன்று இயங்கிவருகிறது. அங்கே அதை வேடிக்கை பார்த்துவிட்டு வரும் நம்மவர், இங்கே தேரிக் குடிலிலும் அதே பனியைத் தேடுகிறார். தமிழில் பனி என்ற சொல்லுக்கு மார்கழி விடியலில் பனையோலை நுனியில் நிற்கும் துளி என்று பொருள் இருக்க, பஞ்சுக்கு என்ன வேலை? பெத்லகேமுக்குக் கிழக்கே விரிவதும் யூதேயப் பாலைதானே? மணலும் கல்லும் ஆட்டுக்கிடையும் உள்ள அந்த ஊரைக் காட்ட, மணலும் ஆட்டுக்கிடையும் உள்ள தேரியைவிடத் தகுந்த இடம் எது? கையிலிருக்கும் உண்மையை மூடிவிட்டு இரவல் பொய்யைப் போர்த்துகிறோம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: விளக்கு பார்க்க மட்டும் வருகிறவர்கள். வேன் அமர்த்தி மதுரையிலிருந்து வருகிறார்கள், கைபேசியை உயர்த்துகிறார்கள், ‘செம லைட்டிங்’ என்கிறார்கள், புறப்படுகிறார்கள். நாமும் வேனில் போனவர்களே. ஆகவே இந்தக் கல் நம் தலையிலும் விழட்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த நிலத்தில் என்ன நடந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு, காசாவின் போரை முன்னிட்டு, பெத்லகேமும் தன் வீதி அலங்காரங்களை நிறுத்திவைத்தது. அங்குள்ள லுத்தரன் தேவாலயத்தில் குழந்தை இயேசுவை இடிபாட்டுக் கற்களின் நடுவே கிடத்தினார்கள். அவ்வாண்டு தேரியில் பார்ப்பதற்கு விளக்கு இல்லை என்று பயணத்தை ஒத்திப்போட்டவர்களில் நாமும் உண்டு. விளக்கில்லாத போது போகாதவனுக்கு விளக்குள்ள போது என்ன உரிமை? இக்கேள்விக்கு இன்றுவரை நம்மிடம் விடை இல்லை.

தேரி ஊர்களைப் புனிதப்படுத்தவும் நாம் வரவில்லை. தெருவுக்குத் தெரு பல்பு எண்ணிக்கையில் போட்டி உண்டு. கடன் வாங்கி மின்னவைக்கும் வீம்பு உண்டு. காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி உண்டு. நட்சத்திர வெளிச்சம் சில தெருக்களின் எல்லையில் நின்றுவிடும் சாதிக் கணக்கு தமிழ்க் கிறித்தவத்தில் நெடுங்காலமாக உண்டு. இவற்றை அவ்வூர்க்காரர்களே கடிந்து பேசுகிறார்கள். ஆனால் இதே தேரியில், டிசம்பர் நடுவில் கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர்வெட்டுக்குத் திரளும் மக்கள் செம்மணலைப் புனிதமாக மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அடுத்த வாரமே அதே மணலில் குடில் எழுகிறது. அந்த மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒன்று நம்முடையது, மற்றது இரவல் என்று சொல்லும் துணிவு தேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கே வருகிறது.

ஆகவே நண்பருக்கு நாம் சொல்வது மூன்று. பாலைத்திணை நடத்தும் வகுப்பில் தேரியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுங்கள். பஞ்சைக் கழற்றச் சொல்லி நம் ஊர்க் குடில்காரர்களிடம் நாம் பேசுகிறோம். மூன்றாவதாக, வருகிற ஆடியில், ஒரு நட்சத்திரம்கூட இல்லாத நாளில், மணல் முகத்தில் அறையும்போது, நம்மோடு அங்கே வாருங்கள். ஆள் போய்விட்ட வீடுகளின் வாசலில், வெற்றுக் கொம்பு ஒன்று அடுத்த டிசம்பருக்காக நிற்பதைக் காட்டுகிறோம். அதன்பின் சிரிக்க முடிந்தால் சிரியுங்கள்.