மூளை அறுவைக்குப் பின் ரத்த உறைவுக் கண்காணிப்பை பள்ளிப்பட்டிலேயே ஏற்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்: பள்ளிப்பட்டு வட்டத்து விசைத்தறி நெசவாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவள்ளூர்.

நகல்: நலப்பணிகள் இணை இயக்குநர், மாவட்ட சுகாதார அலுவலர், ஈஎஸ்ஐ கழக மண்டல அலுவலகம், சென்னை.

(மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் நேரில் அளிக்கப்படுவது)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கக் குடும்பங்களில் மூளை அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். சிலருக்குக் கட்டி எடுக்கப்பட்டது. சிலருக்கு விபத்தில் தலைக்குள் ரத்தம் கட்டியது. அறுவையைப் பற்றி எங்களுக்குக் குறை இல்லை. சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியதிலிருந்து அந்தக் கைத்திறன் ஏழைக்கும் கிடைத்து வருகிறது. எங்கள் கவலை தொடங்குவது காலில்.

அறுவைக்குப் பின் படுத்தே கிடப்பவரின் கெண்டைக்கால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையும். அந்த உறைவு பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூளைக்கட்டி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் மற்றவர்களைவிட அதிகம். உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி உண்டு, ஆனால் அவசரப்பட்டுப் போட்டால் புதிதாகத் தைத்த தலைக்குள்ளேயே ரத்தம் கசியும். அதனால்தான் மருத்துவர்கள் முதலில் இறுக்கமான காலுறையும் காலை அமுக்கிவிடும் கருவியும் மாட்டி, ஒன்றிரண்டு நாள் பொறுத்து ஊசியைத் தொடங்குகிறார்கள். வார்டில் இருக்கும்வரை இந்தக் கத்திமேல் நடையை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்துவிட்டால் யார் பார்ப்பது?

தறி ஓட்டும் எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு, வீடு திரும்பிய மூன்றாவது வாரத்தில் இடது கால் வீங்கியது. சுளுக்கு என்று உறவினர் வேப்பெண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று இன்னொருவர் சொன்னார். (முறிந்த எலும்புக்குப் பேர்போன கட்டு அது, அதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. உறைவு கண்ட காலை உருவுவதும் அசையாமல் கட்டிப்போடுவதும்தான் ஆபத்து.) அந்த உறுப்பினரின் மகள் என்ன நினைத்தாளோ, பாவு நூலை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தாள். இடது காலுக்கு நூல் இரண்டு விரற்கடை கூடுதலாகப் பிடித்தது. உடனே வண்டி பிடித்தார்கள். பிறகு மருத்துவர் சொன்னார்: இரண்டு கெண்டைக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உறைவைச் சந்தேகிக்க வேண்டுமாம். அந்தப் பெண் படித்தது பத்தாம் வகுப்பு.

எனவே எங்கள் முதல் கோரிக்கைக்கு அதிகச் செலவில்லை. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் சகோதரிகளின் பையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். மூளை அறுவை முடிந்து வந்தவர்களின் பட்டியல் அவர்கள் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது வாரம் ஒருமுறை இந்த வீட்டிலும் கால் அளந்து, மூச்சுத் திணறல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகட்டும். இதே திட்டத்தின் இயன்முறை மருத்துவர் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கட்டும். விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' வழியாக அரசு ஏற்கிறது. அதே 48 எங்களுக்கு நாள் கணக்கில், ஒரு மண்டலக் கண்காணிப்பாக வேண்டும்.

உறைவு கண்டவர்களின் பாடு வேறு. குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவை விலை மலிவு, ஆனால் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை இல்லாமல் அவற்றைச் சாப்பிடக்கூடாது. பெரும்பாலோருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் கசியும். தொடக்கத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைகூடப் பார்க்கவேண்டி வரும். அதற்காக ஒருவர் பள்ளிப்பட்டில் விடிகாலை பஸ் ஏறி, திருத்தணியில் ரயில் மாறி, சென்ட்ரலில் இறங்கி, ரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து திரும்பினால் இரவாகிவிடும். துணைக்குப் போனவருக்கும் அன்றைய கூலி போயிற்று. இரண்டு தடவை போவார்கள், மூன்றாம் தடவை போக மாட்டார்கள். மாத்திரையை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ஐஎன்ஆர் சொல்லும் கைக்கருவி இருக்கிறது. அதை வட்ட அளவில் ஓரிடத்தில், வாரம் இரண்டு நாள், எந்தக் கட்டணமும் இன்றி வையுங்கள். எண்ணைச் சென்னை மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லி அளவு கேட்டுத் தரும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். உறைவைக் காட்டும் கால் டாப்ளர் ஸ்கேன் திருத்தணியில் இரவிலும் கிடைக்கட்டும்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும், ஊர்கள் தனித்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த நோயாளிகளுக்கு இரண்டு வார மாத்திரை முன்கூட்டியே கையிருப்பாகத் தரப்பட வேண்டும்.

அடுத்தது காகிதம். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் படிக்க ஆளில்லை, உள்ளூரில் ஊசி போடுபவரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர் தலைவலிக்கு வலி ஊசி போட்டுக்கொண்டார். வலி மருந்தும் ரத்தம் உறையாத மாத்திரையும் சேர்ந்து, பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அறுவைக்குப் பின் வலிப்புக்குத் தரும் எப்டாயினும் இந்த மாத்திரையோடு மோதும். ஒன்றை மாற்றினால் மற்றதன் அளவையும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே சிவப்பு நிறத்தில் ஒரு அட்டை கேட்கிறோம்: மாத்திரையின் பெயர், தொடங்கிய நாள், நிறுத்தும் நாள், அடுத்த பரிசோதனை நாள், கூப்பிட வேண்டிய எண். கீரையை நிறுத்தச் சொல்லாமல், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லும் ஒரு வரி. திடீர்த் தலைவலி, வாந்தி, கைகால் தளர்ச்சி, மூச்சு முட்டல் வந்தால் 108 என்று பெரிய எழுத்தில். அட்டை தமிழிலும் தெலுங்கிலும் அச்சாக வேண்டும். 1960-இல் திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்த மண் இது, பாதி வீடுகளில் பாட்டிமார் பேசுவது தெலுங்கு, மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் அவர்கள்தான்.

ஈஎஸ்ஐ அலுவலகத்தின் கவனத்துக்கு: கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போய் வருபவர்கள் நோயில் விழுந்தால் 91 நாள், 70 விழுக்காடு ஊதியம் என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது. மூளைக்கட்டி, பக்கவாதம் போன்ற நீண்ட நாள் நோய்களுக்கு 80 விழுக்காடு வீதத்தில் இரண்டு ஆண்டுவரை நீட்டிப்பு உண்டு என்பதைச் சொல்ல ஆளில்லை. அதற்கு இரண்டாண்டுத் தொடர் பணி வேண்டும். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புது ஈஎஸ்ஐ எண் போட்டுவிடுவதால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்க பள்ளிப்பட்டில் ஒருநாள் முகாம் நடத்தித் தர வேண்டுகிறோம். தறி வேலை செய்பவர்களுக்கு ஈஎஸ்ஐயும் இல்லை, அவர்களுக்கான உதவித்தொகை பற்றித் தனி மனு தருகிறோம்.

எடுக்கும் நடவடிக்கையை 30 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: நாங்களே எழுதிப் பார்த்த சிவப்பு அட்டையின் மாதிரி, தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. தெலுங்கில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.